வெட்டின ஆற்றுவாய் ஒரே இரவில் மூடிவிட்டது, எங்கே பிழை விட்டோம்?

கோமாரித் தம்பி:
எங்கள் ஊர் கோமாரி, பொத்துவிலுக்கு வடக்கே. போன கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. களப்பு நிரம்பி, முளைத்து ஒரு சாண்கூட வளராத வேளாண்மைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வரும் பாதையும் வெள்ளத்துக்குள். சரி என்று பதினொரு பேர் மண்வெட்டியோடு, களப்பையும் கடலையும் பிரிக்கும் மணல்மேட்டில் இறங்கினோம். கடல் நல்லாய் வற்றும் நேரம் பார்த்து, காலை பத்து மணிக்கு இரண்டு முழ அகலத்தில் வாய் திறந்தோம். தண்ணீர் சத்தத்தோடு ஓடியது. பிளேன்டீ குடித்து, கை தட்டி, படமெல்லாம் எடுத்தோம். மதியத்துக்குப் பிறகு ஓட்டம் மெலிந்தது. பின்னேரம் கடல் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. விடிந்து போய்ப் பார்த்தால் வாய் இருந்த இடமே தெரியவில்லை. மணலில் பாதி புதைந்த செருப்பு ஒன்றுதான் அடையாளம்.

இத்தனைக்கும் அன்று கடல் அமைதி. பொங்கின கடல் மணலைத் தள்ளியிருந்தால் விளங்கும். நாலு நாள் கழித்துத் திரும்ப மழை வந்து, நாங்கள் வெட்டின இடத்தை விட்டு வடக்கே தள்ளித் தானாக உடைத்துக்கொண்டு போனது. அதுவரை வயல் தண்ணீருக்குள்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலமீன்மடு வாசி:
தம்பி, மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் எனக்கு நடை தூரம். முப்பது வருடமாக அது திறப்பதையும் மூடுவதையும் பார்க்கிறேன். வற்று பார்த்தது சரி. அடி வற்றில் திறந்ததுதான் பிழை. அதற்கு மேல் கடல் எங்கே இறங்கும்? அடுத்த ஆறு மணித்தியாலம் ஏறத்தானே செய்யும். பெருக்கு உச்சிக்கு வந்து திரும்பும் நேரம் திறந்திருந்தால் அந்த ஆறு மணித்தியாலமும் கடல் கீழே போய்க்கொண்டிருக்கும், களப்புத் தண்ணீர் இழுபட்டு ஓடும்.

வாயை அகலமாக்குவது மண்வெட்டி இல்லை, தண்ணீர். ஓட்டத்தின் வேகம் கொஞ்சம் கூடினாலே மணலை அள்ளும் பலம் பன்மடங்கு கூடும். ஓட்டம் பிடித்துவிட்டால் இரண்டு முழ வாய் சில மணித்தியாலத்தில் ஆறு மாதிரி ஆகிவிடும். வேகம் விழுந்ததோ, சுமந்த மணலை அங்கேயே போட்டுவிடும், மிச்சத்தை அலை நிரப்பும். நம் கரையில் வற்றுப்பெருக்கு சிறியது, பறுவத்திலும் அமாவாசையிலும்கூட அரை மீற்றர் அளவுதான். ஆனால் களப்புக்கும் கடலுக்கும் உள்ள உயர வித்தியாசமே இரண்டு மூன்று அடி என்றால், அந்த அரை மீற்றர் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

வெட்டும்போதும் கடல் பக்கத்திலிருந்து களப்பை நோக்கி வாருங்கள். களப்போரம் ஒரு வரம்பை உடைக்காமல் விட்டு, நேரம் வந்ததும் அதை உடையுங்கள். உடைத்த கையோடு எல்லோரும் விலகிவிட வேண்டும். ஓரம் கீழால் அரிபட்டு ஆளோடு சரியும். படம் தூர நின்று எடுக்கலாம்.

அமைதியான கடல் விஷயம் பலருக்கும் பிடிபடாது. காற்றோடு பொங்கி வரும் குட்டை அலை கரையை அரித்து மணலைக் கடலுக்குள் இழுத்துப் போகும். தூரத்துக் கடலில் எழும்பி வரும் நீண்ட அலை பார்க்க எண்ணெய் போல இருக்கும், ஆனால் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். அறுகம்குடாவில் வெள்ளைக்காரர் பலகையோடு காத்திருப்பது அந்த மாதிரி அலைக்குத்தான், அது தெற்கே இந்து சமுத்திரத்தின் அடியிலிருந்து வருவது. அதனால்தான் தென்மேற்குக் காற்று வீசும், மழையில்லாத கச்சான் காலத்தில், ஆறும் மெலிந்து கிடக்கும்போது, வாய் மூடுகிறது. எங்கள் வாவி கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளம், அதற்கே இந்தக் கதி. உங்கள் களப்பு எம்மாத்திரம்?

படுவான்கரை வேளாண்மை:
வற்றோ பெருக்கோ, கதிர் அழுக முன் தண்ணீர் வடிந்தால் எங்களுக்குப் போதும். இங்கே மட்டக்களப்பில் முகத்துவாரத்தை வெட்டுவதற்கு முன் மாவட்டச் செயலகத்தில் கூடிப் பேசுவார்கள். நாங்கள் இன்றைக்கே என்போம், மீன்பிடிக்காரர் பொறு என்பார்கள். அவர்கள் பொறு என்கிற ஒவ்வொரு நாளும் எங்கள் பசளைக் காசு தண்ணீரில்.

கல்லாற்று இறால்:
அண்ணன், சும்மா பொறு என்று சொல்வதில்லை. அவசரப்பட்டு வெட்டினால் வாவி ஒரேயடியாக வற்றி, வளர்ந்த மீனெல்லாம் கடலுக்குப் போய்விடும், எங்கள் ஆட்களின் வலையில் சேறுதான் மிஞ்சும். அதற்காக மூடியே கிடக்கட்டும் என்றும் சொல்ல மாட்டோம். இறால் முட்டையிடுவது கடலில், குஞ்சு வளருவது வாவியில். வாய் அடைபட்டால் குஞ்சு எந்த வழியால் உள்ளே வரும்? உப்புத் தண்ணீர் ஏறாவிட்டால் ஆற்றுவாழை என்ற மிதக்கும் களை பாய் விரித்தது போல மூடிவிடும், தோணி தள்ளவும் முடியாது. வாய் உடையும் நாளில் அந்தக் குப்பை முழுதும் கடற்கரையில் ஒதுங்கும், கரைவலைக்காரர் ஒரு கிழமை எங்களைத் திட்டுவார்கள்.

கோமாரித் தம்பி:
எல்லோருக்கும் நன்றி. வரம்பு விடும் யோசனை எங்களுக்கு வரவே இல்லை, களப்புப் பக்கத்திலிருந்துதான் வெட்டிக்கொண்டு போனோம், கடைசி வரை முழங்கால் தண்ணீரில் நின்று. அடி வற்றில்தான் திறக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது என் மச்சான். பாலமீன்மடு அண்ணன் எழுதினதை அப்படியே அவருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. அந்தச் செருப்பும் அவருடையதுதான்.