பார்டனர் கதை: நீதியைப் படிப்பதா, ஆளைப் படிப்பதா?

மொட்டைமாடி:
எம்.ஏ. மாணவி ஒருத்திக்கு ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகள் சொல்லிக்கொடுக்கிறேன். புனித யாத்திரை போகிறவர்கள் வழியில் கதை சொல்லிக்கொண்டு போகிற நூல். இப்போது பார்டனர் கதை. மூன்று குடிகாரர்கள் 'மரணம்' என்பவனைக் கொல்லக் கிளம்புகிறார்கள். ஒரு கிழவர் கைகாட்டிய ஓக் மரத்தடியில் தங்கக்காசு குவிந்து கிடக்கிறது. ரொட்டியும் ஒயினும் வாங்க இளையவனை அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் அவனைக் குத்திக் கொல்ல மற்ற இருவரும் முடிவுசெய்கிறார்கள். அவனோ எலித்தொல்லை என்று சொல்லி விஷம் வாங்கி, இரண்டு புட்டியில் கலந்து, மூன்றாவதைத் தனக்கென்று சுத்தமாக வைத்துக்கொள்கிறான். கடைசியில் மூவரும் பிணம். பேராசை கூடாது, அவ்வளவுதான். மூவருக்கும் பெயர்கூடக் கிடையாது. இதில் போய்ப் பாத்திரப்படைப்பு என்று பத்துப் பக்கம் எழுதச் சொல்வது வீண்.

கரிசல்காட்டான்:
அண்ணே, கதை சொல்கிறவனை விட்டுவிட்டீர்களே! பார்டனர் பாவமன்னிப்பு விற்றுப் பிழைப்பவன். பன்றி எலும்பைப் புனிதர் எலும்பு என்பான், தலையணை உறையை மாதாவின் முக்காடு என்பான். வருஷத்துக்கு 100 மார்க் பணம் சம்பாதிப்பதாக அவனே பீற்றிக்கொள்கிறான். பணத்தாசைதான் எல்லாத் தீமைக்கும் வேர் என்று பிரசங்கம் செய்வதும் அவன்தான்.

மொட்டைமாடி:
சரி தம்பி, ஆனால் அதுவும் அச்சில் வார்த்த ஆள்தானே? அதே காலத்து பியர்ஸ் ப்ளோமன் கவிதையிலும் ஊரை ஏய்க்கும் பார்டனர் ஒருவன் வருகிறான். அப்புறம், யார் வாயால் கேட்டால் என்ன? நீதி நீதிதான்.

பழைய ஏடு:
குறுக்கே வருகிறேன். இந்தக் கதைப்பின்னல் சாசருடையது அல்ல. புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான பாலி மொழி வேதப்ப ஜாதகத்தில் திருடர்கள் புதையலுக்காக அடித்துக்கொண்டு சாக, மிஞ்சுவது இரண்டு பேர். சோறு கொண்டுவரப் போனவன் அதில் விஷம் வைக்கிறான், காவலுக்கு இருந்தவன் அவனை வெட்டிவிட்டு அந்தச் சோற்றையே தின்று சாகிறான். நீதி ஊர் ஊராகச் சுற்றிய சரக்கு. அதை இந்த பார்டனர் வாயில் வைத்ததுதான் சாசர் செய்த வேலை.

கரிசல்காட்டான்:
அதேதான் ஐயா. அண்ணே, கதை முடிந்த பிறகு என்ன நடக்கிறது? போலி என்று தானே சொன்ன எலும்பை, காசு கொடுத்து முத்தமிட வாருங்கள் என்று கூட வரும் அதே யாத்திரிகர்களைக் கூப்பிடுகிறான். முதல் அழைப்பே யாத்திரையில் கூட வரும் சத்திரக்காரர் ஹாரி பெய்லிக்கு! அவர் கொதித்துப்போய், உன் விதையை அறுத்துப் பன்றி விட்டையில் வைப்பேன் என்கிறார். இவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசியவன் கோபத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. நூலின் பொது முன்னுரையில் பார்டனரைப் பற்றிய இடத்தை எடுத்துப் பாருங்கள். ஆட்டுக்குரல், தாடி முளைக்காத முகம், காயடித்த குதிரையோ பெட்டையோ என்று அதைச் சொல்லும் சாசருக்கே சந்தேகம். ஹாரி அடித்தது சரியாக அந்த இடத்தில். அச்சில் வார்த்த ஆளுக்கு இப்படி வலிக்குமா?

மொட்டைமாடி:
அந்த மௌனத்தை ஒப்புக்கொள்கிறேன். யாத்திரிகர்களில் ஒருவரான நைட் (போர்வீரர்) வந்து, இருவரையும் ஒருவரையொருவர் முத்தமிட்டுச் சமாதானமாகச் சொல்கிற இடமும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் மரத்தடி மூவர் வெறும் பொம்மைகள்தான், அதை விடமாட்டேன். நேற்று மாணவி கேட்டாள்: "எலும்பு போலி என்று சொன்னதையே மறந்துவிட்டானா சார்?" பதில் வரவில்லை.

கரிசல்காட்டான்:
கதையைத் தொடங்கும் முன் வழியில் ஏல் (பீர் வகை) கடையில் நிறுத்திக் குடித்தானே, அதைக் காட்டுங்கள். கதைக்குள் போனதும் குடிக்கு எதிராகத்தான் அத்தனை நீளப் பிரசங்கம்!