ஸ்டூல் வந்துவிட்டது, உட்காரத்தான் முடியவில்லை

பட்டுப்பிரிவு கேட்டது:
தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் 11 வருஷமாக நிற்கிறேன். 'வேலை செய்கிறேன்' என்று எழுத நினைத்தாலும் 'நிற்கிறேன்' என்றுதான் வருகிறது. காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இறங்க ராத்திரி ஒன்பதரை. சாப்பாட்டுக்கு அரை மணி. முழங்காலுக்குப் பின்னால் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. ஆடித் தள்ளுபடி முடிந்தால் ஒரு வாரம் செருப்பே ஏறாது.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் வந்ததும் எங்கள் மாடிக்கு 4 ஸ்டூல் வந்தது. நாங்கள் 18 பேர். இப்போது அதன்மேல் பிரித்த புடவைகளை அடுக்கி வைத்திருக்கிறோம். உட்காரக் கூடாது என்று யாரும் வாயால் சொன்னதில்லை. போன மாதம் புதிதாக வந்த பெண், ஒரு கஸ்டமர்கூட இல்லாத மூன்று மணிக்கு உட்கார்ந்தாள். கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசருக்கு போன் வந்தது. மறுநாள் அவளைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இன்சென்டிவ் கிடையாது. அதற்கப்புறம் யார் உட்காருவார்கள்?

ஸ்டூல் போட்டதோடு சட்டம் முடிந்துவிடுகிறதா?

ஓய்வுபெற்ற தொழிற்சங்கக்காரர்:
முடியாதும்மா. 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் சேர்த்த 22-ஏ பிரிவு அது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் அதில் உட்கார முடிய வேண்டும் என்றுதான் அந்தப் பிரிவே இருக்கிறது. 18 பேருக்கு 4 என்பது அங்கேயே அடிபட்டுப் போகும். நீ சொல்லும் நேரக் கணக்கும் தப்பு. நாளுக்கு 8 மணி, மிகைநேரம் சேர்த்தாலும் 10-ஐத் தாண்டக் கூடாது. அந்தப் பெண்ணை மாற்றிய தேதியைக் குறித்து வை. தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு மனு எழுது. தனியாக மட்டும் கையெழுத்துப் போடாதே.

நெல்லைக்காரி:
அக்கா, நான் ஏழு வருஷம் நின்னுட்டு கால் ஆபரேஷனோட வெளிய வந்தேன். உட்காந்தா கஸ்டமருக்கு மரியாதை இல்லன்னு சொல்லுவாங்க. ஒருநாள் கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு பாட்டி, "நீ உக்காந்தே காட்டு தாயி, எனக்குப் புடவைதான வேணும்"னாங்க. நான் உக்காரல. பயம். இன்னைக்கும் அதை நெனச்சா தொண்டை அடைக்கும்.

கோழிக்கோட்டுத் தமிழன்:
இங்கே கேரளத்தில் 2018-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். அரசு தானாக முன்வந்து கொடுத்ததில்லை. மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்று சேர்ந்து, முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். பல வருஷம் ஆனது.

பட்டுப்பிரிவு:
ஐயா, மனு எழுதியாகிவிட்டது. 6 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், குடோனுக்குப் போன பெண்ணும் சேர்த்து. தங்கச்சி, நீ சொன்ன பாட்டி கதையை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நாளைக்கு மூன்று மணிக்கு ஸ்டூல் மேலிருக்கும் புடவைகளை எடுத்து ரேக்கில் வைக்கப்போகிறோம்.