பரி அணியில் பைச்சுங் பூட்டியா ஆடிய காலத்தை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி:
இந்தியக் கால்பந்து வீரர் பைச்சுங் பூட்டியா 1999 முதல் 2002 வரை இங்கிலாந்தின் பரி (Bury) அணிக்காக ஆடினார். அங்கே லீக் ஆட்டங்களில் அவர் அடித்தவை 3 கோல்கள்தான். இந்தியாவில் கோல் மழை பொழிந்தவருக்கு இது பெரும் சரிவு என்று சிலரும், ஐரோப்பாவில் ஒப்பந்தம் பெற்றதே சாதனை என்று சிலரும் எழுதுகிறார்கள். இந்த இரண்டில் எது நியாயமான பார்வை?

முதல் பதில்:
முதலில், அவர் எங்கிருந்து எங்கே போனார் என்பதைப் பார்க்க வேண்டும். சிக்கிமின் டிங்கிடாமில் பிறந்து, பதின்ம வயதிலேயே கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்து, பின்னர் பஞ்சாபின் ஜே.சி.டி. அணிக்காக முதல் தேசியக் கால்பந்து லீக்கில் அதிக கோல் அடித்தவர் அவர். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில், சால்ட் லேக் மைதானத்தில் லட்சத்துக்கும் அதிகமான ரசிகர்கள் முன்னிலையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். அப்படிப்பட்டவர் 22 வயதில், மான்செஸ்டருக்கு அருகில் உள்ள ஒரு சிறு நகரத்தின் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிய அணிக்குப் போனார். பந்தை உயரத் தூக்கி அடித்து, முன்கள வீரரை உடல் வலுவால் மோதவிடும் ஆட்டமுறை அங்கே மேலோங்கியிருந்தது. சிறிய உடலமைப்பும் விரைவும் கொண்ட பூட்டியாவுக்கு அது பொருந்தாத களம். 1999 அக்டோபரில் அறிமுகமானவரின் முதல் லீக் கோல், 2000 ஏப்ரலில் செஸ்டர்ஃபீல்டுக்கு எதிராகத்தான் வந்தது. அணியிலும் அவருக்கு நிலையான இடம் இருக்கவில்லை. ஆகவே அந்த 3 கோல்களைத் தோல்வி என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இரண்டாம் பதில்:
மேலே எழுதியவருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் களம் பொருந்தவில்லை என்பதையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், அவர் எடுத்த முடிவைப் பற்றிக் கேள்வியே எழாது. ஃபுல்ஹாம், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன், ஆஸ்டன் வில்லா ஆகிய அணிகளின் தேர்வுகளில் இடம் கிடைக்காத பின்னரே அவர் பரிக்கு வந்தார். பணச் சிக்கலில் தவித்த பரி 2002-இல் நான்காம் நிலைக்கு இறங்கியது. ஒரு வீரரின் வளமான ஆண்டுகளை இத்தகைய அணியில் கழித்தது எந்த அளவு பயன்பட்டது என்று எனக்கு ஐயம் உண்டு.

அவருடைய திறமையைக் காண விரும்பினால் 2003 ஆசியான் கிளப் கோப்பையைப் பாருங்கள். ஜகார்த்தாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சசானாவை ஈஸ்ட் பெங்கால் 3-1 என வென்றது. அதில் ஒரு கோல் பூட்டியாவுடையது. மலேசியாவின் பேராக், செலாங்கூர் எம்.கே. லேண்ட் அணிகளுக்காகவும் பின்னர் ஆடினார். வெளிநாட்டு வாழ்க்கை என்றவுடன் பரியை மட்டுமே பேசுவது முழுமையற்றது.

மூன்றாம் பதில்:
ஒரு சிறு திருத்தம். ஐரோப்பிய அணிக்கு ஆடிய முதல் இந்தியர் பூட்டியா என்று எழுதுபவர்கள், 1936-இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காகக் காலில் துணிக்கட்டுடன் வெறுங்காலால் ஆடிய முகமது சலீமை மறந்துவிடுகிறார்கள். பூட்டியாவுக்குரிய பெருமை, தொழில்முறை ஒப்பந்தத்தில் மூன்று பருவங்கள் அங்கே நிலைத்து நின்றது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. 2003 இறுதி ஆட்டத்தின் பதிவைத் தேடிப் பார்க்கிறேன்.