தில்லியில் நர்சரி அட்மிஷன்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மயூர் விஹார் அம்மா:

அடுத்த டிசம்பரில் ஃபார்ம் போடப்போகிற தமிழ்க் குடும்பங்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் இந்தக் கூத்து இப்போதுதான் ஓய்ந்தது, அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

திருச்சியிலிருந்து மாமியார் ஃபோன் செய்யும்போதெல்லாம் ஒரே கேள்வி: "குழந்தைக்கு ரைம்ஸ் சொல்லிக் கொடுத்தியா? இன்டர்வியூல கேப்பாங்களே?" இங்கே குழந்தையை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அப்புறம் ஒவ்வொரு தடவையும் 50,000. இன்டர்வியூவுக்குப் பதில் வந்ததுதான் பாயின்ட்; அது யாருக்கு அதிகமோ அந்தக் குழந்தைக்குத்தான் சீட். மொத்தம் 100. அதை எப்படிப் பிரித்திருக்கிறது என்று ஒவ்வொரு பள்ளியும் கல்வி இயக்குநரகத்தின் தளத்தில் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும்.

பெரும்பங்கு வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்துக்குப் போய்விடும். அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் கொஞ்சம், அப்பா அம்மா பழைய மாணவர்கள் என்றால் கொஞ்சம். நாங்கள் இருவரும் திருச்சியில் படித்தவர்கள், இவள்தான் மூத்தவள். ஆக, தூரம் ஒன்றுதான் கதி. அதிலும் ஒரு பள்ளி ரோட்டு வழியாக அளக்கிறது, இன்னொன்று நேர்க்கோட்டில் அளக்கிறது. எங்கள் பக்கம் குறுக்கே யமுனை வேறு. நேர்க்கோட்டில் அக்கரைப் பள்ளி பக்கம்தான், ஆனால் காரில் பாலம் சுற்றிப் போக வேண்டும். ஃபார்ம் போடும் முன் எந்த அளவு என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரிய தலைவலி விலாசச் சான்றுதான். ஆதாரில் திருச்சி விலாசம், கரண்ட் பில் வீட்டுக்காரர் பேரில். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாம் என்றால் அந்த மனுஷன் வரி வந்துவிடும் என்று நழுவுகிறார். கடைசியில் அவர் மனைவிதான் மனமிரங்கிக் கையெழுத்துப் போட வைத்தார். பெண் குழந்தைக்கு நல்ல பள்ளி கிடைக்கட்டும் என்று அந்த ஆன்ட்டி பஞ்சாபியில் புருஷனைப் பிடித்த பிடி இருக்கிறதே! ஆதார் விலாசத்தை மாற்றுகிற வேலையை வெயில் காலத்திலேயே முடித்துவிடுங்கள், நவம்பர் வரை இழுக்காதீர்கள்.

ஒரு பள்ளியில் எங்களோடு சம பாயின்டில் ஏகப்பட்ட பேர், அதனால் குலுக்கல் வைத்தார்கள். பெற்றோர் முன்னால், வீடியோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சீட்டையும் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும் என்பது விதி. அப்படியே செய்தார்கள். எங்கள் பெயர் வரவில்லை. பக்கத்தில் இருந்த சர்தார்ஜிக்கு வந்தது. அவர் என் கணவரைக் கட்டிப்பிடித்து அழுதார், இவர் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று! வேறொரு பள்ளியில் இரண்டாம் லிஸ்டில் கிடைத்தது. எங்களுக்குத் திருப்திதான்.

துவாரகா அப்பா:

தூரம் பெரும்பங்கு என்பது சரிதான் மேடம். ஆனால் சீட்டைத் தீர்மானிப்பது தூரமில்லை. விண்ணப்பிக்கிற முக்கால்வாசிப் பேரும் பக்கத்திலேயே இருப்பவர்கள், தூரத்துக்கான பாயின்ட் எல்லோர் கையிலும் இருக்கும். மிச்சம் கிடக்கிற அந்த ஐந்து பத்தில்தான் சண்டையே.

2014இல் என் மூத்தவனுக்குப் போட்டபோது தில்லி முழுக்க ஒரே கணக்கு. 8 கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் 70, கூடப் பிறந்தவர் படித்தால் 20, பழைய மாணவர் என்றால் 5, வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்தால் 5. நான் மத்திய அரசு வேலையில் சென்னையிலிருந்து வந்தவன், கடைசி 5 எனக்கு உண்டு. 70 வைத்திருந்த கூட்டத்துக்கு மேலே 75 வைத்திருந்தவர்கள் போய் உட்கார்ந்துவிட்டோம். சில பள்ளிகளில் பொதுச் சீட்டெல்லாம் மாற்றல்காரர்களுக்கே போனதாகப் புகார் கிளம்பியது, போலி மாற்றல் கடிதம் என்றும் பேச்சு. பிப்ரவரிக் கடைசியில் அந்தச் சலுகையே ரத்து. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், புது வகுப்பு தொடங்குவதே தள்ளிப்போயிற்று. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் தூரக் கணக்கையும் செல்லாது என்றது, தனியார் பள்ளிகள் தங்கள் விதியைத் தாங்களே வகுக்கலாம் என்று. இன்று பள்ளிக்குப் பள்ளி கணக்கு மாறுவது அதனால்தான்.

ஆகவே புதிதாகப் போடுகிறவர்கள் பள்ளியின் பேரைப் பார்க்காமல் அந்தச் சின்னப் பாயின்டுகளைப் பாருங்கள். முதல் குழந்தை, பெண் குழந்தை என்று உங்களுக்குப் பொருந்துகிற ஏதாவது இருக்கும். சின்னவளுக்கு 'முதல் பெண் குழந்தை' என்று ஒரு பள்ளியில் பாயின்ட் இருந்தது, அங்கேதான் கிடைத்தது. பெரிய பேர் பெற்ற பள்ளி இல்லை. நன்றாகப் படிக்கிறாள்.

ஜனக்புரி வாசி:

மேனேஜ்மென்ட் கோட்டாவை, அதாவது பள்ளி நிர்வாகம் தன் இஷ்டப்படி கொடுக்கிற சீட்டுகளைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே? 2016 ஜனவரியில் தில்லி அரசு அதை எடுத்தது. கூடவே புகை பிடிக்காத அப்பா, அசைவம் சாப்பிடாத குடும்பம் என்று பள்ளிகள் வைத்திருந்த 60க்கும் மேற்பட்ட அளவுகோல்களையும் எடுத்தது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் கோட்டா ரத்துக்குத் தடை போட்டது. என்னிடம் ஒரு ஆள் வந்தார், "சீட் பக்கா, தொகை மட்டும் ரொக்கமாக" என்றார். ரசீது உண்டா என்று கேட்டேன். டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் போய்விட்டார். நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது, ரசீது எப்படித் தருவார்!

ஃபார்முக்கு 25 ரூபாய்தான் வாங்கலாம். பளபளப்பான புத்தகத்தை நீட்டினால் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆர்.கே. புரம் பெரியவர்:

இத்தனை ஓட்டம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு ஏழு பள்ளிகள் இருக்கின்றன. என் பிள்ளைகள் இருவரும் அங்கே படித்தவர்கள், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், ஒருவன் ஐ.ஐ.டி. இப்போதைய பெற்றோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மயூர் விஹார் அம்மா:

எட்டிப் பார்த்தோம் சார். எங்களுக்குப் பக்கம் லோதி எஸ்டேட் பள்ளிதான், ஆனால் ரிங் ரோடு நெரிசலில் மூன்று வயதுக் குழந்தையை வேனில் ஏற்றி அனுப்ப மனம் வரவில்லை. வேலைக்குப் போகிற அம்மாவுக்குப் பள்ளி பத்து நிமிஷத்தில் இருந்தாக வேண்டும். தமிழை நாங்கள் வீட்டில் சொல்லித் தருகிறோம், ஞாயிறு அன்று.

லக்ஷ்மி நகர் புதுசு:

அக்கா, ஒரு சந்தேகம். என் பையன் ஏப்ரல் முதல் வாரத்தில் பிறந்தவன். நர்சரிக்கு மார்ச் 31க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டுமாம், இவனுக்கு முடியாதே, ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமா?

துவாரகா அப்பா:

வேண்டியதில்லை தம்பி. 30 நாள் வரை பள்ளித் தலைமையே வயதைத் தளர்த்தலாம். ஆனால் தானாகக் கிடைக்காது, கையால் ஒரு கடிதம் எழுதி நேரில் கொடுக்க வேண்டும். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.