நம்ம வீடு குரூப்: உகாண்டா தலைநகர் கம்பாலாவுல ஒரு ஓட்டு

சித்தப்பா (கம்பாலா): எங்க ஆபீஸ்ல போன் எடுக்கிறவருக்கு கண்ணு தெரியாதுனு சொல்லியிருக்கேன்ல, ஓட்டு போட்டீங்களானு அவர்கிட்ட கேட்டேன். தம்பி கையால போட்டேன், நான் சொன்ன ஆளுக்குத்தான் டிக் போட்டானானு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்கறார்

சித்தப்பா (கம்பாலா): உகாண்டால மரத்தடிதான் பூத்து, டேபிள் மேல பிளாஸ்டிக் பேசின், அதுக்குள்ள சீட்டை வச்சு டிக் போடணும், அந்த பேசின்தான் மறைவு. இவருக்கு அதுவும் இல்ல, தம்பியும் கூட குனிஞ்சு நிக்கறான்

அத்தை: பாவம்டா. மாற்றுத்திறனாளிங்களுக்கு அங்க பார்லிமென்ட்ல தனி சீட்டே இருக்குனு நீதான சொன்ன?

சித்தப்பா (கம்பாலா): இருக்குக்கா, 5 பேர், அதுல ஒருத்தராவது பொம்பள. 1995 அரசியல் சட்டத்துலயே இடம் குடுத்துட்டாங்க, லோக்கல் கவுன்சில்லயும் உண்டு. ஆனா அந்த 5 பேருக்கு இவர் நேரா ஓட்டு போட முடியாது, பிரதிநிதிங்க கூடி தேர்ந்தெடுக்கறாங்க

பெரியண்ணன்: சீட் சும்மா இல்ல சித்தப்பா. டான்சானியால அல்பினிசம், அதாவது பிறவியிலேயே தோல், முடி நிறம் வெளுத்து இருக்கிறவங்கள மாந்திரீகத்துக்குனு வெட்டிக் கொன்னுட்டு இருந்த நேரத்துலதான் 2010ல லிண்டி ஊர் மக்கள் அல்பினிசம் இருக்கிற சலூம் பர்வானியை எம்பி ஆக்குனாங்க, கோட்டா இல்லாம, நேரடி ஓட்டுல

பாப்பா: அண்ணா அது பெருசுதான், ஆனா சித்தப்பா சொல்றது எனக்கு ரொம்ப வலிக்குது. நான் முதல் தடவை மெஷின்ல பிரெய்ல் நம்பரைத் தடவி நானே அமுக்கினப்ப அப்பாவையே தள்ளி நிக்கச் சொன்னேன், ஞாபகம் இருக்கா

அத்தை: இருக்குடி கண்ணு, வெளிய வந்து அழுதியே

பாப்பா: சித்தப்பா, கானா நாட்டுல 2004 எலெக்‌ஷன்லயே இதுக்கு வழி பண்ணிட்டாங்க. ஒரு அட்டை உறை, அதுக்குள்ள ஓட்டுச் சீட்டை சொருகிடுவாங்க, ஒவ்வொரு வேட்பாளருக்கும் நேரா ஒரு துளை, பக்கத்துல தடவிப் பாக்குற மாதிரி புள்ளி, எண்ணிப் பாத்து மை தொட்ட கட்டைவிரலை அந்த துளைல வச்சா போதும். பிரெய்ல் படிக்கத் தெரியாதவங்களும் தனியா போடலாம், அதான் எனக்கு அதுல புடிச்சதே

பெரியப்பா: ஆப்பிரிக்க யூனியன் 2018ல போட்ட மாற்றுத்திறனாளி உரிமை ஒப்பந்தம் 2024ல அமலுக்கும் வந்துடுச்சு. கையெழுத்து போட்ட நாடுங்க முதல்ல அந்த அட்டையை வாங்கட்டும் தம்பி

சித்தப்பா (கம்பாலா): இப்பதான் அவர்கிட்ட அட்டை பத்தி சொன்னேன். எங்க பூத்துல அப்படி எதுவும் கிடையாதுனாரு, துளை எங்க புள்ளி எங்கனு ரெண்டு தடவை திருப்பி சொல்லச் சொன்னாரு

சித்தப்பா (கம்பாலா): பாப்பா இதையே இங்கிலீஷ்ல வாய்ஸ் மெசேஜா பேசி அனுப்பும்மா, அவங்க சங்கக் கூட்டத்துல போட்டுக் காட்டணுமாம்

பாப்பா: இன்னிக்கு ராத்திரியே அனுப்பறேன் சித்தப்பா, அவருக்கு ஏதாவது சந்தேகம்னா என் நம்பர் குடுங்க