வரி அறுபட்ட இடத்தில் ஒரு பனியுகம்: குகைப் படிவுகளோடு நம் அனுபவங்கள்

கல்முளை

குகைக்குள் இறங்கியவர்கள், படிவுகளைக் கையில் எடுத்து வேலை பார்த்தவர்கள் பலர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். பனியுகங்களைப் பற்றி அந்தக் கல் உங்களுக்கு எதைக் காட்டியது என்று எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

குகைத் தரையிலிருந்து எழும்பும் கல்முளைகளை வைர ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து மெருகேற்றுவது என் வேலை. வெளித்தோற்றம் அழுக்காக, மங்கலாக இருக்கும். வெட்டிய முகத்தில் தண்ணீர் பட்டதும் தேன் நிறத்திலும் பால் நிறத்திலும் வரிவரியாக எழுந்து வரும். எல்லோரும் வரிகளைப் பார்ப்பார்கள். நான் முதலில் தேடுவது வரி அறுபடும் இடத்தை, அதாவது கல் வளராமல் நின்றுபோன இடத்தை.

ஒரு கல்லில் மயிரிழை அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு இருந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் தூள் சுரண்டி வயது பார்த்தோம். கீழே இருந்தது சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியிடைக்காலம், அதாவது இரண்டு பனியுகங்களுக்கு நடுவிலான வெப்பக் காலம். மேலே இருந்தது நாம் வாழும் வெப்பக் காலமான ஹோலோசீன். நடுவில் ஒரு பனியுகம் முழுவதும் அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிட்டது! அன்று ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்ணில் வேரும் நுண்ணுயிரும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டுதான் மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. குகைக்குள் சொட்டும்போது அந்த வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சைட் என்ற கனிமமாகப் படிகிறது. மேலே மண் உறைந்துபோனால் சொட்டும் இல்லை, படிவும் இல்லை. ஆனால் வறட்சியாலும் வளர்ச்சி நிற்கும், சொட்டும் இடம் மாறினாலும் நிற்கும். அதனால் ஒரே கல்லை வைத்து முடிவு சொல்லக்கூடாது. பக்கத்துக் குகைகளிலும் அதே காலத்தில் நின்றிருக்க வேண்டும்.

வயது கணிப்பது யுரேனியம்-தோரியம் முறையில். யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கிட்டத்தட்டக் கரையாது. ஆகவே புதுக் கால்சைட்டில் யுரேனியம் மட்டும் இருக்கும். அது சிதைந்து சேரும் தோரியம்தான் கடிகாரம். சுமார் 6 லட்சம் ஆண்டுகள்வரை இப்படிக் கணிக்கலாம். சிக்கல் என்னவென்றால், அந்தப் பழுப்புக் கோட்டிலுள்ள களிமண் தன்னோடு தோரியத்தையும் கொண்டுவந்துவிடும், வயது கூடுதலாகத் தெரியும். எங்கே வயது அவசியமோ, அங்கேதான் கல் அழுக்காக இருக்கிறது.

துளிநீர்

நான் வெட்டுவதில்லை, சொட்டும் நீரை அளக்கிறேன். சொட்டு விழும் இடத்தில் கண்ணாடித் தகடு வைத்துவிட்டு, சில மாதம் கழித்துப் போய் அதில் படிந்த புதுக் கால்சைட்டைச் சுரண்டி எடுப்பேன். இன்றைய நீருக்கும் இன்றைய படிவுக்கும் உள்ள உறவு தெரியாமல் பழைய கல்லைப் படிக்க முடியாது.

கால்சைட்டில் ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான வகை) எந்த விகிதத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்து "அன்றைய வெப்பநிலை என்ன?" என்று உடனே கேட்பார்கள். எல்லாக் குகையும் வெப்பமானி இல்லை. சீனாவின் ஹுலு குகைக் கல்முளைகள், 2001-இல் வந்த ஆய்வின்படி, பருவமழையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டின. கிரீன்லாந்துப் பனிப்படலத்தில் தெரிந்த திடீர் மாற்றங்கள் அங்கேயும் ஒத்துப்போயின. பிறகு மற்ற சீனக் குகைகளையும் சேர்த்து 2016-இல் 6,40,000 ஆண்டுப் பதிவு வெளியானது. குளிர் மிகுந்த பனியுகத்திலும் அங்கே கல் வளர்ந்திருக்கிறது. ஆகவே கோடு விழுவது இடத்தைப் பொறுத்தது.

நீலத்துளை

எனக்குத் தலைகீழ். பஹாமாஸில் நீருக்கடியில் இருக்கும் குகைகளில் மூழ்கிப் பார்த்திருக்கிறேன். விளக்கொளியில் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகள் வரிசையாக, சுற்றிலும் கடல்நீர். சொட்டு விழுந்து வளரும் கல் நீருக்குள் வளராது. கடைசிப் பனியுக உச்சத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, அப்போது இந்தக் குகையில் காற்று இருந்தது. இங்கே பனியுகத்தில் வளர்ச்சி, வெப்பக் காலத்தில் நிறுத்தம்.

கல்முளை

நீலத்துளை சொன்னது அருமை. வடக்கே போனால் இன்னொரு வகை. சைபீரியாவில் லேனா ஆற்றை ஒட்டிய ஒரு குகையைப் பற்றி 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே இன்று நிலம் நிரந்தரமாக உறைந்திருக்கிறது. கடந்த 5 லட்சம் ஆண்டுகளில் அங்கே கல் வளர்ந்தது சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பனியிடைக்காலத்தில் மட்டும்தான். பின்னால் வந்த வெப்பக் காலங்கள்கூட அந்த மண்ணை இளக்கவில்லை. அந்த வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட உலக அளவில் ஏறத்தாழ 1.5 டிகிரி அதிகம் என்று அவர்கள் கணித்தார்கள். இன்றைய பேச்சில் அடிக்கடி அடிபடும் எண் என்பதால் அதைப் படித்தபோது மனம் கனத்தது.

உறைநிலத்துக் குகைகளில் இறங்கியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கோட்டின் அடிப்பரப்பு அரிக்கப்பட்டிருந்ததா, வழவழவென்று இருந்ததா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.