சொல் வேண்டும்: இளம் பல்சாரும் இனங்காணா மூலமும்

கோத்தகிரி, இயற்பியல் ஆசிரியை:
அடுத்த வாரம் பதினொன்றாம் வகுப்பை முத்தோரை ரேடியோ தொலைநோக்கியைக் காட்டக் கூட்டிப்போகிறேன். வெள்ளிக்குள் கையேடு அச்சுக்குப் போகணும். வானில் சில இடங்களிலிருந்து காமாக்கதிர் வருகிறது, எதிலிருந்து என்று தெரியாது. அப்படிப்பட்ட இடங்களில் தேடியும் இளம் பல்சார்களை, அதாவது வேகமாகச் சுழன்று கதிர் வீசும் நியூட்ரான் விண்மீன்களை, பிடிக்கிறார்கள். அந்த இடங்களை ‘இனங்காணா மூலம்’ என்றேன். ‘மூலம்’ என்றதும் கடைசி பெஞ்சில் ஒரே சிரிப்பு. ‘பல்சார்’ என்றாலோ பஜாஜ் வண்டிதான். உதவுங்கள்.

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, மூலம் வடசொல். ‘ஊற்று’ என்க. ‘இனங்காணா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், குற்றமில்லை. பல்சாருக்குத் ‘துடிமீன்’. துடி பாலைத் திணையின் பறை. ‘துடியன் பாணன் பறையன் கடம்பன்’ என்பது புறம் 335. இடை சிறுத்த இருமுகப் பறை அது. இம்மீனும் இரு காந்தமுனைகளில் கதிர் வீசுகிறதே! துடியிடை என்ற வழக்கும்...

ஊட்டி, ஆய்வு மாணவர்:
ஐயா, துடியிடை வரை போய்விட்டீர்கள்! பல்சார் துடிக்கவில்லை, சுழல்கிறது. கதிர் நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு துடிப்பு பதிகிறது, அவ்வளவுதான். நிஜமாகவே விம்மிச் சுருங்கும் சீஃபீடு மீன்களுக்கு அப்புறம் என்ன பெயர் வைப்பது? ‘சுழல்மீன்’ என்பதே சரி.

இன்னொன்று. ஃபெர்மி என்ற காமாக்கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் நான்காம் பட்டியலில், அதன் முதல் வெளியீட்டில், 5,064 மூலங்கள். அவற்றில் 1,336க்கு, கதிர் இதிலிருந்துதான் வருகிறது எனத்தக்க விண்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. வானில் இடம் ஒத்துப்போனால் அது ‘தொடர்பு’ மட்டுமே. பல்சார் என்றால், காமாவிலேயே துடிப்பு தெரிந்தால்தான் ‘அடையாளம்’. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் குழப்பம். சிடிஏ 1 என்ற சூப்பர்நோவா எச்சத்தில் (வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சம்) அப்படி ஒரு மூலம் பல வருடம் ஆள் தெரியாமல் கிடந்தது. 2008இல் ஃபெர்மி அதில் வினாடிக்குச் சுமார் மூன்று முறை சுழலும் பல்சாரைப் பிடித்தது. அதுவும் ரேடியோ துடிப்பின் உதவியில்லாமல், காமாக்கதிரை மட்டும் வைத்து. வயது பத்தாயிரம் ஆண்டளவில். விண்மீன் கணக்கில் இது கைக்குழந்தை.

கொடைக்கானல், மொழிபெயர்ப்பாளர்:
‘ஊற்று’ என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் குடத்தோடு கிளம்பிவிடுவார்கள்! மூலமே இருக்கட்டும், ‘காமா மூலம்’ என்று சேர்த்தே எழுதினால் சிரிப்பு அடங்கும். ‘இனங்காணா’ என்பதைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு யார் விளக்குவது? ‘அடையாளம் தெரியாத’ போதுமே.

குன்னூர்:
விளங்காததை விளக்கத்தானே ஆசிரியர்? தெரிந்த சொல்லை மட்டுமே எழுதுவதென்றால் இந்தக் குழு எதற்கு?

கோத்தகிரி:
சரி, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ‘துடிமீன்’, ‘அடையாளம் தெரியாத காமா மூலம்’. ‘தொடர்பு’ அடிக்குறிப்பில் வருகிறது.

ஊட்டி:
துடிமீனுக்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது.

குன்னூர்:
மூலத்துக்கு என் மறுப்பும். துடியன் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.